பிபி மெஷின் வாங்கும் முன் கையை அளந்து பாருங்கள்

அப்பா, அம்மா இருவருக்குமே பிரஷர் என்பதால் இருபதுகளிலேயே ஒரு பிபி மெஷின் வாங்கினேன், மேல்கையில் சுற்றும் டிஜிட்டல் வகை. வாங்கியதில் திருப்திதான், ஆனால் ஒரு பெரிய குறை இருக்கிறது.

குறை அந்தப் பட்டை. பெட்டியோடு வருவது 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்குத்தான். ஜிம்முக்குப் போகிறவர்கள், கொஞ்சம் பருமனானவர்கள் கையில் அது பிதுங்கும், அப்படிச் சின்னப் பட்டையை இழுத்துக் கட்டினால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும், சும்மா இருப்பவரை நோயாளி ஆக்கிவிடும். பெரிய பட்டையைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது மெமரியும் சராசரி காட்டும் வசதியும். 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை என ஒரு வாரம் எடுத்தால் கிடைக்கும் சராசரிதான் பேசும். பட்டை இறுகும்போது வாய் திறந்தாலே எண் ஏறும், கால் மேல் கால் போட்டாலும் ஏறும். வீட்டுச் சராசரி 135/85ஐத் தொட்டால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். கிளினிக்கில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் இருக்கிற பிரஷர் உண்டு, அதைப் பிடிக்க இந்த மாதிரி மெஷின் வேண்டும். ஒரே ஒரு ரீடிங்கை வைத்து பச்சை, மஞ்சள் என்று எரியும் விளக்கை மட்டும் நான் பார்ப்பதே இல்லை.

ஆளுக்கு ஆள் பிரஷர் வேறுபடுவதில் 30 முதல் 50 சதவீதம் வரை மரபணுவின் பங்கு என்று கணிக்கிறார்கள், அதுவும் ஒற்றை மரபணு இல்லை, நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து செய்யும் வேலை. அப்புறம், குடும்பத்தில் மரபணு மட்டுமா வருகிறது? அதே அடுப்படி, அதே உப்புக் கையும்தான் வருகிறது! உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு. உப்பு, எடை, தூக்கம், குடி, புரூஃபென் மாதிரி வலி மாத்திரைகள் எல்லாம் நம் கையில் இருப்பவை. தூக்கம் கெட்ட மறுநாள் காலையில் என் எண் ஏறி நிற்பதை மெமரியில் வரிசையாகப் பார்த்த பிறகுதான் இரவு வேலையைக் குறைத்தேன், யார் சொல்லியும் கேட்டிருக்க மாட்டேன்.

மணிக்கட்டில் கட்டும் வகை கை இருக்கும் உயரத்துக்கு ஏற்ப எண்ணை மாற்றிவிடும், அது வேண்டாம். நான் வாங்கிய மேல்கை மெஷினுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண், பெரிய பட்டையையும் பெட்டியிலேயே வைத்திருந்தால் ஐந்தும் தந்திருப்பேன்.