ஸ்டீம் ஐடியைக் கண்டறியும் வழிகள்: எது எதற்குப் பொருந்தும்?

கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ஒரு கணக்கின் அடையாள எண்ணை (ஐடி) தேடிப் பிடிக்கப் பல வழிகள் உள்ளன. ஆனால் அவை எல்லாம் ஒரே எண்ணைத் தருவதில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வால்ஹெய்ம் விளையாட்டின் சர்வரில் ஒருவரை நிர்வாகியாகச் சேர்ப்பதற்கும், எல்டன் ரிங் விளையாட்டின் சேமிப்புக் கோப்புறை யாருடையது என்று அறிவதற்கும் 76561 எனத் தொடங்கும் 17 இலக்க எண் தேவைப்படுகிறது. நண்பராகச் சேர்த்துக்கொள்ள அதைவிடக் குறுகிய எண்ணே போதும். பழைய கவுண்டர் ஸ்ட்ரைக் சர்வர்களின் தடைப் பட்டியல்களோ 'ஸ்டீம்_0:0:6172839' போன்ற மூன்றாவது வடிவத்தைப் பயன்படுத்தின. ஆகவே எந்த வழி எளிது என்று பார்ப்பதற்கு முன்னால், கேட்பவர் எந்த வடிவத்தைக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

சொந்தக் கணக்கின் 17 இலக்க எண் மட்டும் வேண்டுமென்றால் 'அக்கவுண்ட் டீடெய்ல்ஸ்' பக்கத்தை மிஞ்சிய வழி இல்லை. செயலியின் வலப்பக்க மேல் மூலையில் தெரியும் உங்கள் பெயரைச் சொடுக்கி அந்தப் பக்கத்தைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் எண் இருக்கும். ஆனால் உள்நுழையப் பயன்படும் கணக்குப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் வாலட் இருப்பும் அதே பக்கத்தில் இருப்பதால், முழுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து டிஸ்கார்டில் பகிர்வது விவேகமன்று. ஐடி என்பது யாரும் பார்க்கக்கூடிய எண். கணக்குப் பெயர் அப்படிப்பட்டதன்று.

பிறருடைய எண் தேவைப்படும்போது இந்தப் பக்கம் உதவாது. அவருடைய புரொஃபைல் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். புரொஃபைல் பக்கத்தில் வலது சொடுக்கு செய்து முகவரியை நகலெடுத்தால், பெரும்பாலும் அதன் இறுதியிலேயே 17 இலக்கங்கள் இருக்கும். அவர் தமக்கென்று தனி முகவரி வைத்துக்கொண்டிருந்தால் எண் மறைந்து, அவர் தேர்ந்த சொல் மட்டுமே தெரியும். அப்போது அந்த முகவரியின் முடிவில் கேள்விக்குறி, 'எக்ஸ்எம்எல்' என்பதற்கான ஆங்கிலச் சிறிய எழுத்துகள், சமக்குறி, 1 ஆகியவற்றை இடைவெளியின்றிச் சேர்த்து உலாவியில் திறந்தால், வரும் தரவின் முதல் வரிகளிலேயே முழு எண்ணும் கிடைத்துவிடும். வெளித்தளம் எதையும் நாடாமல் முடியும் இந்த உத்தி அதிகம் அறியப்படாதது வியப்பே.

குழப்பம் மிகுவது கணினிக் கோப்புறைகளில்தான். ஸ்டீம் நிறுவப்பட்ட இடத்தில் 'யூசர்டேட்டா' என்ற கோப்புறைக்குள் எண்ணைப் பெயராகக் கொண்ட துணைக் கோப்புறைகள் இருக்கும். அது கணக்கின் எண்தான் என்றாலும் 17 இலக்க வடிவமன்று. நண்பர்களைச் சேர்க்கும் பக்கத்தில் 'ஃபிரெண்ட் கோட்' என்று காட்டப்படும் குறுகிய எண்ணே அது. அத்துடன் 76561197960265728 என்ற மாறாத எண்ணைக் கூட்டினால் நீண்ட வடிவம் வரும்: 12345678 என்பது 76561197972611406 ஆகும். பழைய வடிவம் வேண்டுமென்றால் குறுகிய எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும். ஈவு கடைசியிலும் மீதி நடுவிலும் வரும். மேலே சொன்ன 6172839 இப்படிக் கிடைத்ததே.

அதே நிறுவல் இடத்தின் 'கான்ஃபிக்' கோப்புறையில் உள்ள 'லாகின்யூசர்ஸ்' கோப்பை நோட்பேடில் திறந்தால், அந்தக் கணினியில் உள்நுழைந்து நினைவில் வைக்கப்பட்டுள்ள கணக்குகளின் 17 இலக்க எண்களும் அவற்றுக்கு உரிய பெயர்களும் கிடைக்கும். அன்றாடத் தேவைக்கு இது சுற்றுவழிதான். ஆனால் கணக்கு பறிபோய் உள்நுழைய முடியாத நிலையில், எந்தக் கணக்கு என்று உறுதியாகச் சுட்டிக்காட்ட இது கைகொடுக்கும்.

இந்த எண்களை எக்செல் தாளில் சேர்த்து வைக்கும் சர்வர் நிர்வாகிகள் ஒன்றை மறக்கக்கூடாது. எக்செல் 15 இலக்கங்கள் வரையே துல்லியமாக வைத்துக்கொள்வதால், எண்ணாக ஒட்டினால் கடைசி இரண்டு இலக்கங்களும் பூச்சியமாகிவிடும். மேற்சொன்ன 406 என்ற முடிவு 400 ஆகி, வேறொருவரின் கணக்கைச் சுட்டும். ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டங்களை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

எல்லா வடிவங்களையும் ஒரே பக்கத்தில் மாற்றித் தரும் ஸ்டீம்டிபி போன்ற வெளித்தளங்கள் வேகமானவை. பல கணக்குகளைச் சரிபார்க்க வேண்டியவருக்கு வசதியானவையும்கூட. எனினும் நான் அவற்றைக் கடைசியில்தான் வைப்பேன். ஐடியைப் பார்ப்பதற்கு உள்நுழைவே தேவையில்லை. எனவே அதற்காகக் கடவுச்சொல் கேட்கும் தளம் எதுவாயினும், அதன் உள்நுழைவுச் சாளரம் ஸ்டீமைப் போலவே தோன்றினாலும், உடனே மூடிவிட வேண்டியதே.

ஸ்டீமைப் போன்ற மற்றொரு விளையாட்டுத் தளமான எபிக் கேம்ஸில் இத்தனை சிக்கல் இல்லை. இணையதளத்தின் கணக்கு அமைப்புகளில் எழுத்தும் எண்ணும் கலந்த 32 குறிகள் கொண்ட ஒரே ஐடி தெரியும். அதை அப்படியே நகலெடுத்துக்கொள்ளலாம், கூட்டவோ வகுக்கவோ வேண்டியதில்லை.