கந்தப்பளைக் கடையில் வாங்கிய சேதனப் பசளை: வாங்கலாம், முழுதாக நம்ப வேண்டாம்

நுவரெலியாவுக்கு அருகே கந்தப்பளையிலுள்ள ஒரு விவசாயப் பொருள் கடையில் 25 கிலோ மூடைகளாக விற்கப்படும் சேதனப் பசளையை எங்கள் லீக்ஸ் பாத்திகளிலும் கரட் பாத்திகளிலும் போட்டுப் பார்த்த பின்னர் இதை எழுதுகிறேன். இந்தப் பொருளைப் பற்றி அரசியல் கலக்காமல் எழுத மலையகத்தில் எவராலும் முடியாது என்பதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மூடையைப் பிரித்தவுடன் கவனிக்க வேண்டியவை சூடும் வாடையும். நன்றாக மக்கிய பசளையில் மழை நனைந்த காட்டு மண்ணின் மணம் இருக்கும். அமோனியா மூக்கில் ஏறினாலோ, மூடையின் நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தாலோ, அது இன்னும் மக்கி முடியவில்லை. அதை நாற்றின் அடியில் இட்டால் வேர் கருகும். இந்த மூடை அந்தச் சோதனையில் தேறியது. ஆனால் சல்லடையில் அரித்தபோது ஷாம்பு பைக்கற்றுத் துண்டுகளும் ஒரு போத்தல் மூடியும் வந்தன. மூடையின் மேல் இலைகளும் மண்புழுவும் அழகாக அச்சிடப்பட்டிருக்கின்றன. உற்பத்தித் திகதியோ, நைட்ரசன் எத்தனை வீதம் என்ற விபரமோ எங்கும் இல்லை. தயாரிப்பாளர் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதுவே.

அந்த வீதம் ஏன் முக்கியம் என்பதற்குச் சிறு கணக்குப் போதும். யூரியாவில் நைட்ரசன் 46 வீதம். ஆகவே 50 கிலோ மூடையில் 23 கிலோ உண்டு. சாதாரண கூட்டெருவில் ஒன்றிலிருந்து இரண்டு வீதம்வரைதான் இருக்கும். ஒன்றரை வீதம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மூடை யூரியாவின் நைட்ரசனுக்கு இதன் 25 கிலோ மூடைகள் 60க்கு மேல் வேண்டும். லொறி பாதையோரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பாத்திக்குத் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். கிலோ விலையில் மலிவாகத் தெரியும் பொருள், நைட்ரசன் விலையாகவும் சுமைகூலியாகவும் மாற்றிப் பார்க்கும்போது யூரியாவைத் தாண்டிவிடுகிறது.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் வர்த்தமானி வந்தது. கோட்டாபய ராஜபக்ஷவின் 2019 தேர்தல் விஞ்ஞாபனம் சேதனப் பசளைக்கு மாறப் பத்து ஆண்டுகள் என்று கூறியிருந்தது. நடைமுறையில் ஒரு போகத்துக்குக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியபோது சேதம் நடந்து முடிந்திருந்தது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. எரிபொருள் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்குண்டு. ஆனாலும் கொழுந்து குறைந்த மலைகளில் பேர் (சம்பளத்துக்குக் கணக்கிடும் நாள் வேலை) குறைந்ததையும், பேர் குறைந்தால் சம்பளம் குறைவதையும் தோட்டத்தில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கடை முதலாளி தம்மைப் பழைமைவாதி என்று சொல்லிக்கொள்பவர் அல்லர். ஆனால் பேச்சு முழுவதும் பழைமைவாதம்தான். “யூரியாவும் நான்தான் விக்கிறேன், இதையும் நான்தான் விக்கிறேன். எது வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர். ஆனா கொழும்புல இருந்து ஒருத்தர் வந்து எதை விக்கணும்னு எனக்குச் சொல்ல வேணாம்” என்றார். சுற்றுச்சூழலைக் காப்பதில் அவருக்கு மறுப்பில்லை. உத்தரவையும் அவசரத்தையும்தான் வெறுக்கிறார். வெளிநாட்டு வலதுசாரிகளிடமும் இந்த மனப்பான்மை புதிதன்று. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகத்தை 1970 இல் அமைத்தவர் குடியரசுக் கட்சியின் நிக்சன். அதே கட்சியின் மூத்த ஜோர்ஜ் புஷ் 1990 இல் ஒப்பமிட்ட சட்டம், மின்நிலையங்கள் வெளியிடும் கந்தக ஈரொட்சைட்டுக்கு மொத்த உச்சவரம்பு விதித்துவிட்டு, அதற்குள் அனுமதிகளை வாங்கி விற்று, மலிவான வழியைத் தாமே தேடிக்கொள்ளும்படி நிறுவனங்களிடம் விட்டது.

முதலாளியின் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாததற்குக் காரணம் எங்கள் சரிவிலேயே இருக்கிறது. ஐப்பசி மழையில் பாத்தியிலிருந்து கழுவிச் செல்லும் மேல்மண் ஓடை வழியாக மகாவலிக் கிளையாறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் போய்ப் படிகிறது. அந்தச் செலவு லீக்ஸ் விலையிலும் சேர்வதில்லை, யூரியா விலையிலும் சேர்வதில்லை. யாரும் விலை கேட்காத பொருளைச் சந்தை காப்பாற்றாது. கோப்பிக் காலத்திலேயே, தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில் 1873 இல், 5,000 அடிக்கு மேல் காடு வெட்டுவதற்குத் தடை வந்தது. தோட்டத்துரைமாருக்காகவே நடந்த ஆட்சியில் அப்படியொரு உத்தரவு பிறந்தது. இன்று நுவரெலியா மலைகளில் எஞ்சியுள்ள காட்டுக்கும் நம் ஓடைகளின் ஊற்றுகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு. உள்ளதைக் காப்பதே பழைமைவாதம் என்றால், மேல்மண்ணும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.

பாத்தியில் கண்டதைச் சொல்கிறேன். பசளையை மட்டும் இட்ட வரிசையில் லீக்ஸ் இலை வெளிறி, தண்டு பருக்கத் தாமதித்தது. வழக்கமான யூரியாவில் பாதியைக் குறைத்து இதைச் சேர்த்த வரிசை, யூரியா மட்டும் இட்ட வரிசைக்கு ஈடாக நின்றது. மாசி வெயிலில் மற்ற வரிசைகளின் மண் கட்டிதட்டியபோது இதில் விரல் எளிதாக இறங்கியது. மழைக்குப் பின் வடிகானில் சேர்ந்த சேறும் கண்ணுக்குத் தெரியக் குறைவு. கரட்டில் அவ்வளவு வேறுபாடு இல்லை.

கடையின் சேவை நன்று. நனைந்திருந்த ஒரு மூடையைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள். கடனுக்கும் தருகிறார்கள், கிழங்கு விற்ற பின் தீர்க்கலாம். யூரியாவை முற்றாகக் கைவிட நினைப்பவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். பாதியாகக் குறைக்க நினைப்பவர்களுக்கு, அதுவும் பாதையோரத்தில் பாத்தி உள்ளவர்களுக்கு, இது ஏற்றது. வாங்கும்போது நைட்ரசன் வீதத்தை மூடையில் அச்சிடும்படி முதலாளியிடம் சொல்லுங்கள். நான் சொன்னதைத் தயாரிப்பாளருக்கு அறிவிப்பதாகக் கூறியிருக்கிறார், அடுத்த லொறியில் வந்த மூடைகளிலும் அது இல்லை.