தோல் சீட்: நிறம் ஏற்றுவதா, தோலையே மாற்றுவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பத்து வயதைத் தாண்டிய எந்தத் தோல் சீட் காரையும் திறந்து பாருங்கள். ஓட்டுகிறவர் சீட்டில் கதவுப் பக்கத்து மேடுதான் முதலில் போயிருக்கும். போல்ஸ்டர் என்று கடைக்காரர்கள் சொல்வது அதைத்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பின் பாரம் அதன்மேல் உரசிக்கொண்டு போகிறது. இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் நமக்கு அது வலது மேடு. மற்ற சீட்டெல்லாம் ஓரளவு நன்றாக இருக்க, அந்த ஓரம் மட்டும் வெளுத்து, கீறிக் கீறி வெடித்து, காரின் வயதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

என் கார் பிரிட்டோரியாவுக்கு அருகே ரோஸ்லினில் கட்டிய பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ், இ90 வகை. 2018இலிருந்து அந்த ஆலையில் எக்ஸ்3தான் வருகிறது. அதற்கு முந்தைய காலத்து வண்டி என்னுடையது. உள்ளே பெய்ஜ், அதாவது வெளிர் மணல் நிறத்தில், பி.எம்.டபிள்யூ டகோட்டா என்று பெயர் வைத்த தோல். விசாரித்த இடங்களில் கிரீம், கவர், பழைய சீட், நிறம் ஏற்றுவது, புதுத் தோல் தைப்பது என்று எல்லா வழியும் சொன்னார்கள். உண்மையான போட்டி கடைசி இரண்டுக்கும் இடையில்தான். நான் நிறம் ஏற்றினேன். அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் மூன்றையும் சட்டென்று முடித்துவிடலாம். கார்த் தோலில் பெரும்பாலானது மேலே நிறப்பூச்சும், அதற்கும் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சும் அடித்து வருவது. இரண்டும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தேய்ந்து போவது அந்தப் பூச்சுதான். அடியில் உள்ள தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கண்டிஷனர் கிரீம் அந்தப் பூச்சைத் தாண்டி உள்ளே போகாது, போன நிறத்தையும் கொண்டுவராது. ஒரு வாரம் பளபளக்கும், அவ்வளவுதான். ஷூ பாலிஷ் போடச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையே வைத்திருக்காதவர்கள் முயன்று பார்க்கலாம்.

சீட் கவர் மறைக்கும், சரிசெய்யாது. முன் சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கும் வண்டிகளில் அது வெடித்து வர வழி விடும் கவரைத் தேடித்தான் வாங்க வேண்டும். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் ஸ்கிராப்யார்டில் அதே மாடல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் அங்கே வரும் வண்டிகளிலும் அதே வலது மேடு அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும்.

இன்னொன்று, எதையும் தொடங்குமுன் உங்கள் சீட் உண்மையிலேயே தோல்தானா என்று பாருங்கள். மெர்சிடிஸின் ஆர்டிகோ, பி.எம்.டபிள்யூவின் சென்சாடெக் இரண்டும் செயற்கைத் தோல். தோல் என்று விற்ற பல வண்டிகளிலும் உடம்பு படும் பகுதி மட்டுமே தோல். பக்கமும் சீட்டின் பின்புறமும் வினைல் என்ற பிளாஸ்டிக். சீட்டுக்கு அடியில் எங்காவது மடித்துத் தைத்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பின்பக்கம் நார் நாராக இருந்தால் தோல், துணி நெசவு தெரிந்தால் செயற்கை.

சரி, புதுத் தோல் தைப்பதில் என்ன குறை? வேலையில் குறை சொல்ல முடியாது. 1995இல் அரசு கொண்டுவந்த மோட்டார் தொழில் மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு, தைத்த தோல் சீட் உறைகள் தென்னாப்பிரிக்காவின் பெரிய கார் உதிரிபாக ஏற்றுமதிகளில் ஒன்றாக இருந்தன. இங்கே ஓடும் கார்களுக்கு மட்டுமல்ல, ஐரோப்பியக் கார்களுக்கும் இங்கிருந்து தைத்து அனுப்பினார்கள். அந்தத் தையல் கை நாட்டில் இன்னும் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நான் பார்த்த டிரிம்மர், அதாவது சீட் உறை தைப்பவர் ஒருவர் பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அதையே அச்சாக வைத்துப் புதுத் தோலை வெட்டினார். ஆலையிலிருந்து வந்ததா, அவர் தைத்ததா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிக்கல் நிறத்தில் வருகிறது. பத்து வருடம் வெயில் பார்த்த பெய்ஜும் கடையில் சுருளாக இருக்கும் பெய்ஜும் ஒன்றல்ல. முன் கண்ணாடி இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்தது. புற ஊதாவை அது கிட்டத்தட்ட முழுவதும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. அதனால் ஒரே சீட்டிலேயே கதவுப் பக்கம் ஒரு நிறம், நடுப்பக்கம் ஒரு நிறம். அதில் ஒரு துண்டை மட்டும் மாற்றினால் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரித் தனியாகத் தெரியும். அப்போது டிரிம்மர் என்ன செய்வார்? புதுத் துண்டின்மேல் நிறம் அடித்துப் பக்கத்தோடு ஒத்துப்போக வைப்பார். இல்லையென்றால் முழு சீட்டையும், பிறகு பக்கத்து சீட்டையும் மாற்றச் சொல்வார். தோல் மாற்றினாலும் கடைசியில் நிறம்தான் ஏற்றப்போகிறோம் என்றால், முதலிலேயே அதை மட்டும் செய்தால் என்ன என்றுதான் என் யோசனை போனது. விலையிலும் இரண்டுக்கும் பல மடங்கு வித்தியாசம். அதைச் சொல்லத் தேவையே இல்லை.

உறையைக் கழற்றுவதிலும் கவனம் வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்ட பிறகே சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் ஏர்பேக் இணைப்பைத் தொட வேண்டும். பல வண்டிகளில் பயணி சீட்டுக்குள் ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் பாய் ஒன்று இருக்கும். அது மடங்கினால் ஏர்பேக் விளக்கு எரியத் தொடங்கிவிடும். பக்கவாட்டு ஏர்பேக் பிரிந்து வரும் தையலுக்கு வேறு நூல், வேறு தையல். இதையெல்லாம் கேட்டால் தயங்காமல் பதில் சொல்கிற கடைக்குத்தான் போக வேண்டும்.

இப்போது நிறம் ஏற்றுவது. தண்ணீரில் கலந்த நிறப்பூச்சுகள் வருகின்றன. ஜெர்மனியின் கலர்லாக், பிரிட்டனின் ஃபர்னிச்சர் கிளினிக் போன்றவை கார் மாடலைச் சொன்னால் அதற்கேற்ற நிறத்தைக் கலந்து தருபவை. வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். நன்றாகக் கழுவி, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, வெடித்த இடத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தேவையான இடத்தில் வெடிப்பை நிரப்பும் ஃபில்லர் தடவி, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி மெல்லிய பூச்சாக ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே ஹேர் டிரையரால் உலர்த்த வேண்டும். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு நடக்கும் காலமாக இருந்தால் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில், பூச்சை இறுக்கிப் பிடிக்க வைக்கும் கிராஸ்லிங்க்கர் கலந்த, பளபளப்பில்லாத மேல்பூச்சு. கலந்ததை அன்றே முடித்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு மூன்று நாள் அந்த சீட்டில் உட்காராமல் இருந்தால் நல்லது.

இந்த வேலை கெட்டுப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தப் பிசுக்கு எடுக்கும் கட்டம். கார் வாஷில் கடைசியாகப் பளபளவென்று ஒரு ஸ்பிரே அடித்துவிடுவார்களே, அதில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். டாஷ்போர்டுக்கு அடிப்பது சீட்டிலும் விழும். சிலிக்கோன் இருக்கும் இடத்தில் புதுப் பூச்சு பிடிக்கவே பிடிக்காது, முத்து முத்தாக விலகி நிற்கும். ஆறு மாதத்தில் உரிந்து வந்துவிட்டது என்று யாராவது நிறத்தைக் குறை சொன்னால், முதலில் அவர் எங்கே கார் கழுவினார் என்று கேளுங்கள்.

ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் பார்த்தது முதல் நாள் அழகை அல்ல, விலையைக்கூட அல்ல. மூன்றாவது வருடம் அது மறுபடி தேயும்போது நான் என்ன செய்வேன் என்பதைத்தான். டர்பன் வெயிலும் வியர்வையும் எந்தப் பூச்சையும் சும்மா விடாது. உடம்பின் எண்ணெயும் வியர்வையும் பூச்சை மெல்ல மெல்ல இளக்கும். கடற்கரையிலிருந்து சன்ஸ்கிரீன் பூசிய காலோடு வந்து உட்காரும் பிள்ளைகள் அதை இன்னும் வேகமாகச் செய்வார்கள். புது ஜீன்ஸின் நீலம் பெய்ஜில் ஏறும். ஆக, எது செய்தாலும் அதே வலது மேடு மறுபடியும் தேயத்தான் போகிறது.

நிறம் ஏற்றிய சீட்டில் அது நடந்தால், தேய்ந்த அந்த உள்ளங்கை அகலத்தை மட்டும் சுத்தம் செய்து, மிச்சம் வைத்திருந்த அதே நிறத்தை ஒற்றி, மேல்பூச்சு கொடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. என் சீட்டில் ஏற்கெனவே ஒருமுறை அப்படித் தொட்டிருக்கிறேன். சேர்ந்த இடம் எங்கே என்று தேடினால் மட்டுமே தெரிகிறது. புதுத் தோலுக்கும் இதே பூச்சுதான், இதே தேய்மானம்தான். அங்கேயும் கடைசியில் நிறம்தான் ஏற்ற வேண்டும். அதற்கான சரியான நிறம் கையில் இருக்காது என்பதுதான் வித்தியாசம்.

செலவைக் குறைக்கச் செயற்கைத் தோல் தைத்தவர்கள் பாடு இன்னும் மோசம். மலிவான பாலியூரித்தேன் தோல் ஈரமும் சூடும் சேர்ந்தால் வேதியியலாகவே சிதைந்து செதில் செதிலாக உரியும். ஈரத்துக்கும் சூட்டுக்கும் இந்தக் கரையில் பஞ்சமில்லை. வினைல் அப்படி உரியாது. ஆனால் அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் வருடங்கள் போகப் போக வெளியேறி, விறைத்து வெடிக்கும். உரிந்ததையோ வெடித்ததையோ தொட்டுச் சரிசெய்ய முடியாது. மறுபடி தைக்கக் கொடுக்க வேண்டியதுதான்.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஈரத்துணி, எப்போதாவது மென்மையான சோப்பு நுரை. பிள்ளையின் ஈரத்துடைப்பானால் தினமும் துடைப்பதைத் தவிர்ப்பது நல்லது. அதில் உள்ளவை பூச்சை மந்தமாக்கும் என்று டிரிம்மர்கள் சொல்கிறார்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவிலிருந்து குழம்பு சிந்தினால் உடனே துடைத்தால் போய்விடும், பூச்சு முழுசாக இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது. காவடி முடிந்து வரும்போது பெய்ஜ் சீட்டில் ஒட்டுகிற மஞ்சளுக்கு ஒரு சலுகை உண்டு. மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் தானாகவே சிதையும். துடைத்தது போக மிச்சமிருப்பதை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு மறந்துவிடலாம். சீட்டைக் கெடுக்கும் இந்த வெயில் நமக்குச் செய்யும் ஒரே உதவி இதுதான்.

விற்கும்போது? டிரேட்-இன், அதாவது பழைய காரைக் கொடுத்து வேறு வாங்கும்போது அதை மதிப்பிடுபவர் கிலோமீட்டர் கணக்கை நம்புவதற்கு முன் ஸ்டியரிங், பெடல் ரப்பர், இந்த வலது மேடு மூன்றையும் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டு வேலையும் அந்தப் பார்வையைத் தாண்டும். முழு சீட்டும் புதுசாக இருந்தால் சிலருக்குச் சந்தேகம்தான் வரும், ஏன் மாற்றினார்கள் என்று. போட்ட பணம் விலையில் முழுசாகத் திரும்பும் என்று மட்டும் எண்ண வேண்டாம்.

நிறம் ஏற்றுவது செல்லாத இடங்களும் உண்டு. தையல் பிரிந்திருந்தால், தோல் கிழிந்து ஓட்டை விழுந்திருந்தால், காய்ந்து சுருங்கிப் பலகை மாதிரி ஆகியிருந்தால் டிரிம்மரிடம்தான் போக வேண்டும். கடல்மட்டத்துக்கு 1,700 மீட்டர் மேலே, மழையில்லாத குளிர்காலம் கொண்ட ஜொகன்னஸ்பர்க்கில் ஓடிய வண்டிகளில் தோல் இப்படிக் காய்ந்துபோவதை அதிகம் பார்க்கலாம். நம் பக்கம் வரும் தொல்லை பூஞ்சைதான். மேட்டுக்குள் இருக்கும் ஃபோம் நொறுங்கியிருந்தாலும் நிறம் மட்டும் ஏற்றிப் பயனில்லை. தோல் அதே இடத்தில் மடிந்து மடிந்து புதுப் பூச்சையும் வெடிக்க வைக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். எழுந்து வராவிட்டால் உறையைக் கழற்றி ஃபோமைச் சரிசெய்துவிட்டு அப்புறம் நிறம். காற்று போகத் துளையிட்ட தோலில் நான் செய்ததில்லை. செய்தவர்கள் ஸ்பாஞ்சை விட ஏர்பிரஷ்தான் துளை அடைக்காது என்கிறார்கள்.

தானே செய்யத் தயங்குகிறவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள். விலை பேசும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள். நிறத்தை எதை வைத்துக் கலப்பார்? வெயில் படாத அடிப்பக்கத்தை வைத்துக் கலந்தால் மேடு மட்டும் புதுசாகத் துருத்தும். பக்கத்தில் இருக்கும் வெளுத்த பகுதியோடு ஒப்பிட்டுக் கலக்கச் சொல்லுங்கள். முழு சீட்டுக்கும் அடிப்பதானால் தலைசாய்மானத்தை மாதிரியாகக் கொடுக்கலாம். அடுத்தது, கலந்ததில் மிச்சத்தை ஒரு சின்ன பாட்டிலில் கேட்டு வாங்குங்கள். தேதியும் வண்டி எண்ணும் எழுதி, சூடேறும் கராஜில் வைக்காமல் வீட்டுக்குள் அலமாரியில் வையுங்கள். மிச்சம் தர முடியாது என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.