எல்.பி.என்.-லிருந்து ஆர்.என்.: நான் மாட்டிக்கொண்ட இடம்

ஏழு மாதமாக நான் நர்சிங் படிப்பை முடித்தவளும் இல்லை, தோற்றவளும் இல்லை. எல்லாப் பாடத்திலும் பாஸ். கிளினிக்கல் எனப்படும் நேரடிப் பயிற்சி மணிநேரம் முழுசாக முடிந்தது. கடைசித் தவணை வரை கட்டியாயிற்று. ஆனால் "இவர் படிப்பை முடித்துவிட்டார்" என்று லைசென்ஸ் தரும் மாநில நர்சிங் போர்டுக்குத் தெரிவிக்க நான் படித்த தனியார் பள்ளிக்கு மனசு வரவில்லை. அந்தத் தகவல் போகாமல், லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுத அனுமதிக் கடிதம் வராது. அமெரிக்காவில் எல்.பி.என்.-ஆக (லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்) வேலை பார்த்துக்கொண்டே, அடுத்த படியான ஆர்.என். (ரிஜிஸ்டர்டு நர்ஸ்) ஆக பிரிட்ஜ் படிப்பு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கலிபோர்னியா, டெக்சாஸில் இருப்பவர்கள் எல்.வி.என். என்று படித்துக்கொள்ளுங்கள், சமாசாரம் ஒன்றுதான்.

ஒன்பது வருடமாக நர்சிங் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை. மருந்து வண்டியைத் தள்ளுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குடும்பத்தாரிடம் திட்டு வாங்குவது எல்லாம் நான். புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தால் முதல் அசெஸ்மென்ட்டுக்கு மட்டும் ஆர்.என். வர வேண்டும். அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். என்னிடமே விவரம் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். நல்ல பெண்தான். ஆனாலும் உறுத்தும் இல்லையா?

கம்யூனிட்டி காலேஜில் (அரசின் இரண்டாண்டுக் கல்லூரி) காத்திருப்புப் பட்டியல் நீளம். அப்போதுதான் இந்தத் தனியார் பள்ளி கண்ணில் பட்டது. காத்திருக்க வேண்டாம், மாலை வகுப்பு, 14 மாதம். வரவேற்பறைச் சுவரில் பெரிய எழுத்தில் 'முதல் முயற்சியிலேயே நூற்றுக்கு நூறு தேர்ச்சி'. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு சேரவில்லை. வீட்டுக்கு வந்து போர்டின் இணையதளத்தில் தேடிப் பார்த்தேன். பள்ளிக்கு அனுமதி இருந்தது. நூறு சதவீதம் என்பதும் உண்மை!

நான் பார்க்காமல் விட்டது பக்கத்துக் கட்டத்தை. 'எழுதியவர்கள்: 8'. அந்த வருடம் படிப்பில் சேர்ந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல் என்று பிறகு சீனியர் ஒருத்தி சொன்னாள். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்பதற்கு இப்போது நானே பதில்.

விஷயம் இதுதான். கடைசியில் ஒரு எக்ஸிட் எக்ஸாம் வைப்பார்கள். என்கிளெக்ஸ் மாதிரியே கேள்விகள், ஒரு தனியார் கம்பெனி விற்கிற தேர்வு. உன் பலவீனம் எங்கே என்று காட்டத்தான் அது. இவர்கள் அதை வாசலில் பூட்டாகப் போட்டுவிட்டார்கள். 850 எடுத்தால்தான் போர்டுக்குப் பெயர் போகும். எனக்கு முதல் தடவை 812, அடுத்து 838, பிறகு 841. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் 'ரிவியூ கோர்ஸ்' கட்டாயம், தலைக்கு 600 டாலர். தோற்றுவிடுவார்கள் என்று சந்தேகப்படும் யாரையும் என்கிளெக்ஸ் பக்கமே விடாவிட்டால், சுவரில் இருக்கும் எண் ஏன் குறையப் போகிறது? உண்மையான என்கிளெக்ஸில் தோற்றாலே 45 நாள் கழித்து 200 டாலர் கட்டி மறுபடி எழுதலாம். அந்த உரிமையைக்கூட எனக்குத் தர இவர்கள் தயாரில்லை.

சேரும்போது இந்த 850 பள்ளியின் மாணவர் கையேட்டில் இல்லை. நடுவில் புதுக் கையேடு வந்தது. ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தில், "கையேட்டில் அவ்வப்போது செய்யப்படும் மாற்றங்களுக்குக் கட்டுப்படுகிறேன்" என்று நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வந்து போட்ட கையெழுத்து.

கிளினிக்கல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்றார்கள். பெரும்பாலும் நர்சிங் ஹோமுக்கே அனுப்பினார்கள், நான் ஒன்பது வருடமாகப் பார்க்கும் அதே வேலை. பிரசவம் ஒரு பொம்மையோடு முடிந்தது. சிமுலேஷனை நான் குறை சொல்லவில்லை. தரமாகச் செய்தால் கிளினிக்கலில் பாதிவரை அதை வைத்துக்கொள்ளலாம் என்று மாநில நர்சிங் போர்டுகளின் தேசியக் கூட்டமைப்பான என்.சி.எஸ்.பி.என். 2014-இல் ஆய்வே வெளியிட்டிருக்கிறது. எங்கள் பொம்மைக்கு பேட்டரி இல்லை, அவ்வளவுதான்.

சரி, வேறு காலேஜுக்கு மாறலாம் என்று டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பட்டியல்) போனேன். ஒரு கிரெடிட்கூட எடுத்துக்கொள்ளவில்லை. போர்டு அனுமதி வேறு, கல்வி அங்கீகாரம் வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. போர்டு அனுமதி இருந்தால் தேர்வு எழுதலாம். நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் ஏ.சி.இ.என். மாதிரி அமைப்புகளின் அங்கீகாரம் இல்லாவிட்டால் பின்னால் பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலைப் பட்டம்) சேரும்போது பல இடத்தில் கதவு அடைபடும். அந்தப் பள்ளி அரசின் மாணவர் உதவித்தொகையை ஏற்கவில்லை என்று தெரிந்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத இடத்துக்கு அந்த உதவி கிடைக்காது. "நேரடித் தவணை, வட்டி இல்லை" என்று இனிக்க இனிக்கப் பேசியதில் அது காதில் விழவில்லை.

இந்த நிலையில் ஒருத்தர் போன் செய்தார். "வேற ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் வாங்கித் தரேன், நீங்க நேரா போய் எழுதிடலாம். உங்களுக்குத்தான் வேலை தெரியுமே!" சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். 2023 ஜனவரியில் புளோரிடாவில் வெளிவந்த வழக்கு நினைவுக்கு வந்தது. மூன்று பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோ, 25 பேர் மேல் குற்றச்சாட்டு. வாங்கியவர்களில் ஏறக்குறைய 2,400 பேர் என்கிளெக்ஸ் பாஸும் ஆனார்கள். பாஸானதால் தப்பிக்கவில்லை, பல மாநிலங்களில் லைசென்ஸைப் பறித்தார்கள். எனக்கு இருக்கும் எல்.பி.என். லைசென்ஸாவது மிஞ்சட்டும் என்று அந்த நம்பரை பிளாக் செய்தேன். உங்களுக்கும் அப்படி அழைப்பு வரும். மாட்டிக்கொண்டவர்கள் பட்டியல் அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்பது எனக்குத் தனிச் சந்தேகம்.

பணம் கட்டுவதற்கு முன் பள்ளியிடம் தேர்ச்சி சதவீதம் கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். எக்ஸிட் எக்ஸாமில் தோற்றால் போர்டுக்குப் பெயர் அனுப்புவீர்களா என்பதற்கு மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் எனக்கு உதவவில்லை. பக்கத்து அரசுக் கல்லூரிக்குப் போன் போட்டு, இந்தப் பள்ளியின் கிரெடிட்டை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழிக்காததன் விலை, ரிவியூ கோர்ஸோடு சேர்த்து 20,000 டாலருக்கு மேல்.

தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் மாநில அலுவலகத்திலும் போர்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை வந்தது ரசீது எண் மட்டும். கம்யூனிட்டி காலேஜ் பட்டியலில் போன மாதம் என் முறை வந்துவிட்டது. மைக்ரோபயாலஜி மறுபடி எடுக்க வேண்டுமாம், பழைய மதிப்பெண்ணுக்கு ஐந்து வருடம் தாண்டிவிட்டது. அதற்குள் பாக்டீரியாக்கள் மாறியிருக்கும் போல.