ஹிப்னோதெரபியா, சிபிடியா, மாத்திரையா: எதுக்கு எங்கே போகலாம்?

குடி, சிகரெட், பரீட்சை பயம், ஞாபகமறதி எல்லாம் ஒரே சிட்டிங்கில் சரியாகும் என்று நோட்டீஸ் கொடுக்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். நம்மூரில் ஹிப்னோதெரபிக்கு (மனதை ஒருமுகப்படுத்தி, உடம்பைத் தளர்த்தி, அந்த நிலையில் யோசனைகள் சொல்லித் தரும் சிகிச்சை) இருக்கிற கெட்ட பேரில் பாதி அந்த நோட்டீஸால் வந்ததுதான்.

அது நிஜமாகவே கைகொடுக்கிற இடம் வயிறு. ஐபிஎஸ் (குடலில் புண், கட்டி எதுவும் இல்லாமலே வலியும் மலத் தொந்தரவும் படுத்தும் கோளாறு) உள்ளவர்களைப் பார்த்திருப்பீர்கள்: தென்காசி பஸ் ஏறுமுன் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டிலேயே கக்கூஸ் போய்விட்டு வந்திருப்பார், ஆனாலும் ஆலங்குளம் வருவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்டக்டரிடம் "அண்ணாச்சி, ரெண்டே நிமிஷம்" என்று நிற்பார், ஸ்கேனும் ஸ்கோப்பும் நார்மல் என்றே வரும். 1984-ல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர் இப்படி மருந்துக்கு அடங்காத ஆட்களுக்கு ஹிப்னாஸிஸ் கொடுத்துப் பார்த்து, நல்ல குணம் தெரிந்ததாக எழுதினார்கள். 12 மாதம் மருந்து சாப்பிட்டும் குறையாதவர்களுக்கு இதையோ சிபிடியையோ (எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் மனநல சிகிச்சை) யோசிக்கலாம் என்கிறது, எந்த நோய்க்கு எந்த சிகிச்சை என்று சொல்லும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல். ஆக, வயிற்று விஷயத்தில் இரண்டில் எதற்குப் போனாலும் தப்பில்லை. உட்கார்ந்து பேசவும், வீட்டில் நோட்டு போட்டு எழுதவும் பொறுமை இருந்தால் சிபிடி, கண்ணை மூடிக் கேட்பது சுலபம் என்றால் ஹிப்னோ. ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது என்று இருந்தால் இரண்டும் அப்புறம், முதலில் வயிற்று டாக்டர்.

ஹிப்னோ அறைக்குள் நடப்பது பெரிய மாயமில்லை. சாய்ந்து உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள், வயிற்றில் கை வைத்து அங்கே சூடு பரவுவதாக, குடல் தாமிரபரணி மாதிரி நிதானமாக ஓடுவதாக நினைக்கச் சொல்வார்கள். வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கும், பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம். வாரம் ஒன்று என்று இரண்டு மூன்று மாதம் போக வேண்டும், வீட்டிலும் தினம் ஆடியோ கேட்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு பலன் தராது என்பதும் உண்மை.

சிகரெட், பீடி விட என் ஓட்டு ஹிப்னோவுக்கு இல்லை (பீடி சுற்றியே பிழைக்கிற ஊர்களுக்கு நடுவில் இருந்துகொண்டு இதைச் சொல்வது வேடிக்கைதான்). மற்ற வழிகளைவிட அது மேல் என்று சொல்ல ஆதாரம் போதாது என்பதுதான், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் குழுவின் அலசலின் முடிவு. நிகோடின் சூயிங்கம், வரெனிக்லின் மாத்திரை இரண்டுக்கும் ஆதாரம் கெட்டியாக இருக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விடுவதற்கு ஆலோசனையும் கிடைக்கும்.

லிஃப்ட் பயம், நாய் பயம் எல்லாம் சிபிடிதான், படிப்படியாகப் பழக்கிவிடுவார்கள்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒருத்தர் தூங்காமல் கிடந்தால் ஹிப்னோ பக்கமே போகக்கூடாது, கூடுதலாகக் குழப்பிவிடும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். கோயிலில் கயிறு கட்ட வேண்டும் என்று வீட்டில் ஆச்சி சொன்னால் கட்டிக்கொள்ளட்டும், மாத்திரை மட்டும் நிற்கக்கூடாது.

பூர்வ ஜென்மத்தை, மறந்துபோன சின்ன வயசைத் தோண்டித் தருகிறேன் என்பவர் தரவே வேண்டாம். அந்த நிலையில் நடக்காததும் நடந்தது போலவே நினைவில் பதியும், அதை நம்பி சொந்த அண்ணன் தம்பிமேல் பழி போட்டுவிட்டு அப்புறம் யார் சரிசெய்வது?

ஆள் யார் என்பதை போனிலேயே கேட்டுவிடுங்கள். மனநல டாக்டரா, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவான கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, பதிவு எண் என்ன, என் பிரச்சினைக்கு எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு ஆகும்? பதிவு எண் கேட்டதற்குக் கோபப்பட்டால் போனை வைத்துவிடலாம். எங்கே தொடங்குவது என்றே புரியவில்லையா, 14416-க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது.