சுதந்திரமா, விடுதலையா?

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். பாரதியார் இரண்டையும் பாடினார், நாமும் மாற்றி மாற்றித்தான் எழுதுகிறோம். ஆனால் ‘விடுதலை’ என்றால் அதற்கு முன்னால் ஒரு கட்டு இருந்தாக வேண்டும். அது ‘விடு’ என்ற வினையில் பிறந்த சொல். அதனால்தான் வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படாதவர் ‘விடுதலை’ ஆகிறார், ‘சுதந்திரம்’ ஆவதில்லை. பெரியார் இயக்கத்தின் நாளிதழுக்கும் அதுதான் பெயர்.

சுதந்திரம் வடமொழியிலிருந்து வந்தது; தன் வசத்தில் இருப்பது என்று பொருள். அதற்கு முன்கதை தேவையில்லை. பக்கத்து வீட்டு அடுப்படி வரை போய்க் காபி கேட்கிறோமே, அந்த உரிமையும் சுதந்திரம்தான். கொஞ்சம் மிஞ்சினால், “ரொம்ப சுதந்திரம் எடுத்துக்கிறான்” என்பார்கள்.

அப்புறம், பலர் மறந்துவிட்ட பொருள் ஒன்று: அறுவடைக் களத்தில் ஊர்த் தொழிலாளர்களுக்கு வழக்கப்படி அளந்து கொடுத்த நெல்லுக்கும் ‘சுதந்திரம்’ என்றே பெயர். மரக்காலில் அளக்கக்கூடிய சுதந்திரம்!

ஆகஸ்ட் 15-க்கு எது பொருத்தம்? எனக்கு விடுதலை நாள்தான்.