கழுவித் தேய்த்த பத்து ஷில்லிங் நோட்டுக்கு 285 பவுண்ட்: சேகரிப்பவர்கள் கவனத்துக்கு

பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்கிட்ட, 1971க்கு முந்தைய பிரிட்டிஷ் நோட்டுகளைச் சேர்ப்பவர்கள் அடுத்த நோட்டை வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஓர் இணைய ஏலத் தளத்தில் 285 பவுண்டைப் பறிகொடுத்திருக்கிறேன். அவர்களுடைய கடைசிப் பதில் நேற்றிரவுதான் வந்தது.

நான் வாங்கியது, இங்கிலாந்து வங்கி 1928 நவம்பரில் முதன்முதலாக வெளியிட்ட பத்து ஷில்லிங் நோட்டு. அதில் கையெழுத்திட்ட தலைமைக் காசாளர் சிரில் மஹோன் அடுத்த ஆண்டே பதவியை விட்டுவிட்டதால், அவருடைய நோட்டுகள் மடிப்பு விழாமல் கிடைப்பது அரிது. மடிப்பு விழாத தாளுக்குத்தான் அந்த விலை. அழுக்கையும் மடிப்பையும் மறைக்கச் சிலர் நோட்டைக் கழுவி, அழுத்தித் தேய்த்து விற்பார்கள். ஆகவே பணம் கட்டும் முன் விற்பவரிடம் நேரடியாகவே கேட்டேன்: கழுவியதா, அழுத்தித் தேய்த்ததா? "இரண்டும் இல்லை, என் தாத்தாவின் ஆல்பத்தில் இருந்தபடியே இருக்கிறது" என்று எழுதி, இரு பக்கங்களையும் பெரிதாக ஸ்கேன் செய்தும் அனுப்பினார். கேட்ட கேள்விக்கு இவ்வளவு தெளிவாக எழுதித் தருபவரை எப்படி நம்பாமல் இருப்பது?

உறையிலிருந்து எடுத்ததுமே தாள் துவண்டது. புழங்காத நோட்டுக்குரிய மொடமொடப்பு துளியும் இல்லை. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நடுவே மேலிருந்து கீழாக ஒரு மடிப்புத் தடம். செம்பழுப்பு மை வெளிறியிருந்தது. புற ஊதா ஒளியில் மங்கலாகத் தெரிய வேண்டிய தாள், சலவைத்தூளில் ஊறிய வேட்டியைப் போல நீலமாக ஒளிர்ந்தது.

"தரம் என்பது அவரவர் பார்வை" என்றார் விற்றவர். அதன்பின் பதிலே இல்லை. தளத்தின் விடை இன்னும் கொதிப்பேற்றியது: நோட்டு போலியல்ல, அசல்தான், ஆகவே புகார் முடிக்கப்பட்டதாம். அசல் என்பதை நான் எங்கே மறுத்தேன்? விற்றவர் எழுதித் தந்த பொய்யைப் படமெடுத்து இணைத்திருந்தும், அதை அவர்கள் திறந்து பார்த்ததற்கான அறிகுறியே இல்லை. மேல்முறையீட்டுக்கும் எழுத்துப் பிசகாமல் அதே வரிகள். இந்த நிலையில் உள்ள நோட்டுக்கு 60 பவுண்டுக்கு மேல் தர முடியாது என்கிறார் லண்டனில் நான் விசாரித்த வணிகர். நான் கொடுத்தது 285 பவுண்ட்!

ஸ்கேனை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்கேனர் தாளை அழுத்திப் பிடித்து, நேர் ஒளியில் மடிப்பை மறைத்துவிடும். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள், மறுத்தால் விலகிவிடுங்கள். வெள்ளை ஐந்து பவுண்ட் நோட்டுகளில் ஊசித் துளைகளை அடைத்து விற்பதும் உண்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கழுவிய நோட்டானால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.